20 லீற்றரும் 320 கிலோமீற்றரும்: வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை

2022 ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து கியூஆர் கோட் இல்லாமல் எந்த ஷெட்டிலும் எரிபொருள் கிடையாது என்றாகியது. அப்போது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு 5. காருக்கும் வேனுக்கும் 20. பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. ஜூன் 27ஆம் திகதி இரவோடு அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் கைவிரித்த நாட்களோடு ஒப்பிட்டால், இது நிம்மதியாகத்தான் இருந்தது. நாட்கணக்கில் வரிசையில் கிடந்து, வரிசையிலேயே உயிரைவிட்டவர்கள் பத்துப் பேருக்கும் அதிகம். அந்த வரிசைகள் குறைந்தன. அதை மறுக்க முடியாது.

ஆனால் அப்போது பேச்சு வேறாக இருந்தது. "இருபது லீற்றரை வைத்து என்ன செய்வது?" என்பதே சந்தியிலும் பள்ளிவாசல் முன்றலிலும் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கான பதிலில் பெரும்பகுதி அரசாங்கத்தின் கையில், டொலரின் கையில், கப்பலின் கையில் இருக்கிறது. ஒரு சிறுபகுதி மட்டும் நமது வலது காலடியில் இருக்கிறது. அந்தச் சிறுபகுதியைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. நான் எழுதப்போவது அதைத்தான்.

2021 டிசம்பர் முடிவில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. ஒட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் 26ஆம் திகதி அவை முறையே 470, 460 ரூபாவைத் தொட்டன. 2022 ஆகஸ்டில் சற்று இறங்கி பெற்றோல் 450, டீசல் 430 ரூபாவில் நின்றன. அதாவது எட்டு மாதங்களுக்குள் பெற்றோல் இரண்டரை மடங்கு. டீசல் மூன்றரை மடங்கு. அந்த எட்டு மாதங்களில் நாம் சமைக்கும் முறையை மாற்றிவிட்டோம், சாப்பாட்டுத் தட்டைச் சுருக்கிவிட்டோம், மின்வெட்டுக்கேற்பத் தூக்கத்தையும் மாற்றிவிட்டோம். வாகனம் ஓட்டும் முறை மட்டும் 121 ரூபா காலத்தில் இருந்தது போலவே இருந்தது.

கிழக்கிலிருந்து பார்த்தால் இந்த விடயம் கொழும்பிலிருந்து தெரிவதைவிடப் பெரிதாகத் தெரியும். காத்தான்குடியிலிருந்து கொழும்புக்கு சுமார் 320 கிலோமீற்றர். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று தெற்கே போகப்போக அது இன்னும் கூடும். இந்தத் தூரத்தை நமது மக்கள் உல்லாசத்துக்காக ஓடுவதில்லை. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாதாந்தக் கிளினிக், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைத் திகதி, மத்திய கிழக்குக்குப் போகிறவரைக் கட்டுநாயக்கவில் இறக்குவது, கடவுச்சீட்டு, புறக்கோட்டையில் கடைக்குச் சரக்கு. பஸ்ஸில் போகக்கூடிய நோயாளி பஸ்ஸில் போகிறார். கீமோ முடிந்து வாந்தியோடு திரும்பும் ஒரு பெண்ணை எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது என்பதால்தான் வேன் பிடிக்கிறார்கள்.

ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டீசல் வேன் ஒன்று. போகவர 640 கிலோமீற்றர். வேகமாக ஓட்டினால் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கொடுக்கிறது என்று வையுங்கள். 64 லீற்றர் வேண்டும். அதாவது அன்றைய கோட்டாவில் மூன்று வாரங்களுக்கும் மேற்பட்டது ஒரே பயணத்தில் கரைந்துவிடும். அதே வேனை நிதானமாக ஓட்டி லீற்றருக்கு 12 எடுத்தால் 53 லீற்றரும் சொச்சமும். வித்தியாசம் ஏறக்குறைய 11 லீற்றர். 2022 ஆகஸ்ட் விலையில் 4,500 ரூபாவுக்கு மேல். கறுப்புச் சந்தையில் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்த 11 லீற்றரின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

காசைவிட முக்கியமான கணக்கு ஒன்று இதற்குள் இருக்கிறது. நான்கு வாரத்துக்கு அந்த வேனுக்கு அப்போது கிடைத்தது 80 லீற்றர். வாராவாரம் அடித்து டாங்கியில் சேர்த்துவைத்து, மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போய்வந்தால், வேகமாக ஓட்டுகிறவருக்கு மிஞ்சுவது 16 லீற்றர். நிதானமாக ஓட்டுகிறவருக்கு சுமார் 27 லீற்றர். மாதம் முழுக்க வேறெல்லா வேலைக்கும் இருந்தது அவ்வளவுதான். அந்த வேன்தான் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கொண்டுபோகிறது என்றால், 16க்கும் 27க்கும் இடையில் எத்தனை பாடசாலை நாட்கள் இருக்கின்றன என்று அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சரி, வேகத்துக்கும் எரிபொருளுக்கும் அப்படி என்ன தொடர்பு? சாரதிகள் பலர், "டொப் கியரில் போட்டுவிட்டால் எல்லாம் ஒன்றுதான்" என்று நம்புகிறார்கள். கியர் ஒன்றாக இருக்கலாம். காற்று ஒன்றல்ல. ஓடும் வாகனம் எந்நேரமும் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. அந்தக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 70 கிலோமீற்றரில் அது ஒரு பங்கு என்றால், 100இல் இரண்டு பங்கு. வேகம் கூடியது நூற்றுக்கு 43. எதிர்ப்பு கூடியது நூற்றுக்கு நூறு. 80க்கும் 100க்கும் இடையில் பார்த்தாலும் நூற்றுக்கு 56 கூடுகிறது. சக்கரம் வீதியில் உருளும் உராய்வு இப்படிக் கூடுவதில்லை என்பதால் மொத்தச் செலவு இரட்டிப்பாகாது. ஆனால் வேன் என்பது கிட்டத்தட்ட ஒரு பெட்டி. காற்றுக்கு வளைந்துகொடுக்கும் உருவம் அதற்கில்லை. கூரைக்கு மேல் கரியர் போட்டு, அதில் வெளிநாட்டுப் பயணியின் பெட்டிகளையும் கட்டி, படங்கால் மூடிக் கயிறும் போட்டுவிட்டால் அந்தப் பெட்டி இன்னும் பெரிதாகிவிடுகிறது. கூரையில் ஒன்றுமே ஏற்றாத நாளிலும் கரியரைக் கழற்றாமல் ஓடுகிறவர்கள், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அதற்கும் சேர்த்துத்தான் டீசல் கொடுக்கிறார்கள்.

பொதுவாகப் பெரும்பாலான கார்களும் வேன்களும் டொப் கியரில் 60இலிருந்து 80 வரையிலான வேகத்தில்தான் ஆகக் கூடுதலான தூரத்தைக் கொடுக்கின்றன. அதற்குக் கீழே போனால் கியர் இறங்குகிறது, எஞ்சின் வீணாகச் சுழல்கிறது. மேலே போனால் காற்று விழுங்குகிறது. எனது சிறிய காரின் டெஷ்போர்டில் சராசரி காட்டும் வசதி இருக்கிறது. டாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய முறை அந்தக் கோட்டா காலத்தில் நடவாத காரியமாக இருந்ததால் அதைத்தான் நம்பவேண்டியிருந்தது. ஒரே வீதி, ஒரே சுமை. 70ஐ ஒட்டி ஓடினால் 21, 22 என்று காட்டுகிறது. 100க்குப் போனால் 17க்கு இறங்கிவிடுகிறது. ஹைபிரிட் வாகனக்காரர்கள் இதைப் பார்த்து அதிகம் ஆச்சரியப்படுகிறார்கள். நகரத்துக்குள் நின்று நின்று போகும்போது பிரேக் பிடிக்கும் சக்தியைத் திரும்ப பெற்றரியில் சேர்ப்பதுதான் ஹைபிரிட்டின் கெட்டித்தனம். அதிவேக நெடுஞ்சாலையில் பிரேக்கே பிடிக்காமல் 100இல் போகும்போது அந்தக் கெட்டித்தனத்துக்கு அங்கே வேலையில்லை.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். கொட்டாவையிலிருந்து காலி பின்னதூவ வரை சுமார் 96 கிலோமீற்றர். அனுமதிக்கப்பட்ட ஆகக் கூடிய வேகமான 100இல் போனால் 58 நிமிடம். 80இல் போனால் 72 நிமிடம். வித்தியாசம் 14 நிமிடம். 80இல் லீற்றருக்கு 18உம் 100இல் 15உம் கொடுக்கும் காரென்றால், ஒரு பக்கத்துக்கு ஒரு லீற்றர் மிச்சம். போகவர இரண்டு லீற்றர், 2022 ஆகஸ்ட் விலையில் 900 ரூபா, அன்றைய வாரக் கோட்டாவில் பத்தில் ஒன்று. காலிக்கும் மாத்தறைக்கும் வெலிகமவுக்கும் போய்வரும் நமது வியாபாரிகள் பலர் இந்தப் பாதையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடுகிறவர்கள்தான். இடது பக்க ஒழுங்கையில் 80இல் போவதற்கு யாரும் தண்டப்பணம் விதிப்பதில்லை. வலது ஒழுங்கையில் 80இல் போய்ப் பின்னால் வருகிறவனின் பொறுமையைச் சோதிப்பதுதான் தவறு, அது ஆபத்தும்கூட.

நமது கிழக்குப் பாதையோ வேறு கதை. மட்டக்களப்பிலிருந்து ஓட்டமாவடி, புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, கதுருவெல, மின்னேரியா என்று ஹபரணை வரை 130 கிலோமீற்றருக்கு மேல். அகலமான, நேரான, நல்ல வீதி. இரவில் ஆளரவம் இல்லை. இங்குதான் முள்ளு 100ஐத் தாண்டுகிறது. சட்டப்படி ஊர்மனைக்கு வெளியே கார், வேன்களுக்கு ஆகக் கூடியது 70 என்பது சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையோடு எல்லோருக்கும் மறந்துபோகும் விடயம். இந்த 130 கிலோமீற்றரையும் ஒரு தடங்கலுமில்லாமல் 100இல் ஓடி முடித்தால் 78 நிமிடம். 70இல் ஓடினால் 111 நிமிடம். 33 நிமிட வித்தியாசம். அதுவும் காகிதத்தில் மட்டும். நிஜத்தில் அந்த வீதியில் 100இல் தொடர்ச்சியாக ஓட விடமாட்டார்கள். மாடு படுத்திருக்கும். மின்னேரியாப் பக்கம் யானை நிற்கும். லொறி ஒன்று பின்விளக்கு இல்லாமல் போகும். 100க்கு ஏற்றுவது, 40க்கு இறக்குவது, மறுபடி 100க்கு ஏற்றுவது என்றுதான் பயணம் போகிறது.

இந்த ஏற்றி இறக்கும் ஓட்டம்தான் எரிபொருளின் முதல் எதிரி என்று நான் நினைக்கிறேன். இரண்டு தொன் எடையுள்ள வேனை 40இலிருந்து 100க்கு ஏற்றுவதற்கு, எஞ்சினின் வீண்விரயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய 60 மில்லிலீற்றர் டீசல் எரிகிறது. பிரேக்கை மிதித்தவுடன் அந்த 60 மில்லிலீற்றரும் பிரேக் தட்டில் சூடாகி ஆவியாகப் போய்விடுகிறது. 2022 ஆகஸ்ட் விலையில் 25 ரூபாவுக்கு மேல். அப்போது கிட்டத்தட்ட ஒரு பிளேன்டிக் காசு. ஆட்களும் பொருட்களும் ஏறியிருந்தால் அதைவிடக் கூடும். கொழும்புக்குப் போய்ச்சேரும்வரை எத்தனை பிளேன்டியை வீதியில் ஊற்றுகிறோம் என்று பின்சீற்றில் இருந்து எண்ணிக்கொண்டு போகலாம். தூரத்தில் லொறியின் வெளிச்சத்தைக் கண்டவுடனேயே எக்சலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் சாரதியும், கிட்டப் போய் பிரேக் அடிக்கும் சாரதியும் அதே நேரத்தில்தான் அந்த லொறியின் பின்னால் நிற்கிறார்கள்.

எரிபொருள் நெருக்கடி வந்தால் வேகத்தைக் குறைப்பது என்பது நமக்கு மட்டும் தோன்றிய யோசனையல்ல. 1973 ஒக்டோபர் போரையடுத்து அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா ஆடிப்போனது. 1974 ஜனவரி 2ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட சட்டம், நாடு முழுவதும் ஆகக் கூடிய வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீற்றர் என்று கொண்டுவந்தது. தற்காலிகம் என்று வந்த சட்டம் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தது. 1987இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்குத் தளர்த்தி, 1995இல்தான் முழுதாக நீக்கினார்கள். மேற்கு ஜேர்மனி 1973 நவம்பரில் வேகக் கட்டுப்பாடே இல்லாத தனது அவுட்டோபானில் 100 கிலோமீற்றர் எல்லையை விதித்தது. வாகன உரிமையாளர் சங்கம் கொதித்தெழுந்தது. அடுத்த மார்ச்சிலேயே எல்லையை எடுத்துவிட்டார்கள். 2011இல் லிபியக் குழப்பத்தால் எண்ணெய் விலை ஏறியபோது ஸ்பெய்ன் தனது நெடுஞ்சாலை வேகத்தை 120இலிருந்து 110க்கு இறக்கி, பெயர்ப்பலகைகளில் ஸ்டிக்கர் ஒட்டியது. நான்கு மாதம் கூட நீடிக்கவில்லை.

2022 மார்ச் 18ஆம் திகதி, உக்ரைன் போரின் பின்னணியில், சர்வதேச எரிசக்தி முகவரகம் வளர்ந்த நாடுகளுக்குப் பத்து ஆலோசனைகளை வெளியிட்டது. அதில் முதலாவதே நெடுஞ்சாலை வேக எல்லையைக் குறைந்தது 10 கிலோமீற்றராவது குறையுங்கள் என்பதுதான். கார்களில் மட்டும் நாளொன்றுக்கு சுமார் 290,000 பீப்பாய் மிச்சமாகும் என்று மதிப்பிட்டார்கள்.

இதையெல்லாம் வைத்து, நமது அரசாங்கமும் அதிவேக நெடுஞ்சாலைகளில் 100ஐ 80 ஆக்கவேண்டும் என்று எழுதிவிடலாம். சிலர் முகநூலில் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் அனுபவமே அதற்குக் காரணம். அவ்வளவு பெரிய சட்டத்தால் மிச்சமான பெற்றோல், பின்னாளில் கணக்குப் பார்த்தபோது, மொத்தப் பாவனையில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் நின்றது. மக்கள் சட்டத்தை மதிக்கவில்லை. பொலிஸாரின் ரேடாரைக் கண்டுபிடிக்கும் கருவியை வாங்கினார்கள். லொறிச் சாரதிகள் வானொலியில் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். நமது நாட்டில் எரியும் எரிபொருளில் அதிவேக நெடுஞ்சாலையில் எரிவது சிறு துளி. நகர நெரிசலிலும் சாதாரண வீதிகளிலும் வயல்களிலும் கடலிலும் மின்நிலையங்களிலும்தான் மீதியெல்லாம். பெயர்ப்பலகையில் இலக்கத்தை மாற்றி டொலரை மிச்சம்பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது வேறெதையோ மறைப்பதற்குச் சொல்லும் பேச்சாகத்தான் இருக்கும். நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது காத்தான்குடி வேன்காரரின் வலது கால் அல்ல.

ஆனால் அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. 1973இல் அங்கு வீதி விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 54,000 பேர். 1974இல் சுமார் 45,000. எரிபொருள் தட்டுப்பாட்டால் வாகனங்கள் குறைவாக ஓடியதும் ஒரு காரணம்தான். இருந்தாலும் வேகம் குறைந்ததற்கும் அதில் பெரிய பங்குண்டு என்று ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எண்ணெயை மிச்சம்பிடிக்கப் போய் உயிரை மிச்சம்பிடித்தார்கள். இலங்கையில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். நமது ஊர்களுக்குப் புணானையிலிருந்தும் வெலிக்கந்தையிலிருந்தும் ஹபரணையிலிருந்தும் எத்தனை ஜனாஸாக்கள் வந்து இறங்கியிருக்கின்றன என்று நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. பிரேக் பிடித்து வாகனம் நிற்கும் தூரமும் காற்றின் எதிர்ப்பைப் போலவே வேகத்தின் வர்க்கத்தோடுதான் கூடுகிறது. 70இல் நிற்க எடுக்கும் தூரத்தின் இரட்டிப்பு 100இல் வேண்டும். சாரதி யானையைக் கண்டு காலைத் தூக்கி பிரேக்கில் வைக்க எடுக்கும் அந்த ஒரு வினாடிக்குள் 100இல் போகும் வேன் 28 மீற்றர் ஓடிவிடும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் வேகமாக ஓட்டுகிறார்கள்? இந்தக் கேள்வியைப் பல சாரதிகளிடம் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறைசொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் விடயம் அவர்களிடம் ஆரம்பிப்பதில்லை. ஹயர் பேசும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தின மணிக்குக் கொண்டு சேப்பீங்க?" என்பதுதான். இரவு 11 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஸுபஹோடு மஹரகமையில் நிற்கவேண்டும், கிளினிக்கில் முதல் நம்பர் எடுக்கவேண்டும். கிளம்புகிற நேரத்தில் பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு பார்சல், மருமகனுக்கு ஒரு பை என்று இன்னும் அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலத்தை யார் திரும்பப் பிடித்துக் கொடுக்கவேண்டும்? சாரதிதான். எங்கே பிடிப்பார்? வெலிக்கந்தையில்தான்.

சம்பளமும் அப்படியே. வேன் ஒருவருடையது, ஓட்டுபவர் வேறொருவர் என்றால், சாரதிக்கு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். எரிபொருள் முதலாளியின் தலையில், அல்லது ஹயர் பிடித்தவரின் தலையில். 11 லீற்றர் மிச்சமானால் சாரதிக்கு ஒரு சதம் கிடையாது. ஒரு மணித்தியாலம் முந்திப் போய்ச்சேர்ந்தால் ஒரு மணித்தியாலத் தூக்கம் கிடைக்கும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் எந்த மனிதனும் வேகமாகத்தான் ஓட்டுவான். மிதிக்கிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை உபதேசம் செய்து பலனில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வேன் முதலாளி 2022 ஜூலை மாதத்திலிருந்து புதிய முறையொன்றைக் கையாள்கிறார். கொழும்பு ஓட்டத்துக்கு இவ்வளவு லீற்றர் என்று முன்கூட்டியே கணக்குப் பேசிவிடுகிறார். அதற்குக் குறைவாகச் செலவானால் மிச்சத்தின் பெறுமதியில் பாதி சாரதிக்கு. "இப்ப நான் சொல்லத் தேவையில்ல, அவனே எழுபதுல போறான்" என்கிறார். எழுபது என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் முறை சரியான முறை.

ஜனாஸா விடயம் தனி. கொழும்பில் மௌத்தான ஒருவரை ஊருக்குக் கொண்டுவரும்போதும், ஊரில் நடந்த மௌத்துக்குப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து ஓடிவரும்போதும், அடக்கும் நேரம் குறித்தாகிவிட்டது என்ற பதற்றத்தில் வாகனம் பறக்கிறது. அந்தப் பதற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாதவர் நமக்குள் யாருமில்லை. அந்த இடத்தில் டீசல் கணக்குப் பேசுவது மரியாதையில்லை. ஆனால் நேரம் குறிக்கிறவர்கள் 320 கிலோமீற்றரை 70இல் ஓடிவருவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனதில் வைத்துக் குறிக்கலாம். இளைப்பாறலும் நகர நெரிசலும் சேர்ந்து ஏழு, எட்டு மணித்தியாலம். அஸருக்கு அடக்கலாம் என்பதை மஃரிபுக்கு என்று மாற்றுவதால் பின்னால் வரும் வாகனத்தில் இருக்கும் ஐந்து பேர் ஒழுங்காக வந்து சேர்வார்கள். இது பள்ளிவாசல் நிர்வாகங்கள் கவனிக்கக்கூடிய விடயம்.

மிச்சம்பிடிக்கிறேன் என்று சொல்லி நடக்கும் சில ஆபத்தான காரியங்களையும் இங்கே சொல்லியாகவேண்டும். கடுகண்ணாவை இறக்கத்திலும் மஹியங்கனை வளைவுகளிலும் நியூட்ரலில் போட்டு உருளவிடுவதை அந்த மாதங்களில் அதிகம் பார்த்தேன். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்களாம். எஞ்சின் நின்றால் பிரேக்கின் உதவியும் ஸ்டியரிங்கின் உதவியும் சேர்ந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் நடப்பது சாரதியின் கையில் இல்லை. நியூட்ரலில் மிச்சமும் இல்லை. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், கியரில் வைத்து எக்சலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் தானாகவே நின்றுவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும். அதாவது பயத்தையும் வாங்கி, அதற்குக் காசும் கொடுக்கிறோம்.

ஏ.சி.யை நிறுத்திவிட்டு 100இல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போவதும் இதே வகைதான். அந்த வேகத்தில் உள்ளே புகும் காற்றின் இழுப்பு, ஏ.சி.யில் மிச்சமானதைப் பெரும்பாலும் தின்றுவிடும். நகரத்துக்குள் கண்ணாடியை இறக்குங்கள், நல்லது. ரயரில் காற்றுக் குறைவாக இருப்பதும் தூரத்தைக் குறைக்கும். ஷெட்டில் காற்றடிக்கக் கியூஆர் கேட்டதில்லை.

முச்சக்கர வண்டிக்காரர்களுக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி 40க்கு மேல் ஓட முடியாத, நாள் முழுக்க நின்று நின்று போகிற வாகனத்துக்கு வேகத்தைக் குறை என்று சொல்ல என்ன இருக்கிறது? வாரம் 5 லீற்றரில் குடும்பம் நடத்தச் சொன்னது நடவாத காரியம். அவர்களின் கோட்டாவை உயர்த்துவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. தொழிலுக்கு ஓடும் வாகனமென்று பதிவுசெய்து கூடுதல் லீற்றர் கொடுக்கவேண்டும் என்பது அப்போது அவர்களின் கோரிக்கையாக இருந்தது. தூர இடங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் நோயாளிகளுக்கும் அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டது. கிளினிக் அட்டையில் திகதி இருக்கிறது, வைத்தியசாலையின் பெயர் இருக்கிறது, நோயாளியின் முகவரியும் இருக்கிறது. அதைக் காட்டினால் அந்தப் பயணத்துக்கு மட்டும் மேலதிகமாக 20 லீற்றர் கொடுப்பதற்கு ஒரு புதிய சட்டமும் தேவைப்பட்டிருக்காது. கோட்டா முறையைக் கணினியில் நடத்தியவர்களுக்கு அது பெரிய வேலையாகவும் இருந்திருக்காது. கிழக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எரிசக்தி அமைச்சரிடம் இந்த ஒன்றையாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

நமது கையில் இருப்பது புறப்படும் நேரம்தான். வேன் சங்கங்களும் ஹயர் பிடிக்கிறவர்களும் இரவு 11 மணிப் புறப்பாட்டை 9.30க்கு முற்படுத்தினால், ஹபரணைக்கு முன்னால் யாரும் 100க்குப் போகவேண்டிய தேவையே வராது. நடுவில் ஒரு இடத்தில் அரை மணித்தியாலம் சாரதி கண்ணயரலாம். அப்படியும் ஸுபஹுக்கு முன்னரே மஹரகமையில் நிற்கலாம், கிளினிக்கில் நம்பரும் எடுக்கலாம். டாங்கியில் ஐந்தாறு லீற்றர் கூடுதலாக இருக்கும். அது திரும்பி வருகிற பயணத்துக்கு.